மெராபி எரிமலை பக்கத்துல வாழறது எப்படி இருக்கும்? எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதிலும்

வேலை விஷயமா 2022லயும் 2023லயும் இந்தோனேசியால, ஜாவா தீவுல மகெலாங் பக்கம் ஒரு சின்ன ஊர்ல வாடகைக்கு இருந்தேன். வாசல்ல நின்னா மெராபி நேரா தெரியும். ராத்திரி மேகம் இல்லாட்டி உச்சிலேர்ந்து செக்கச்செவேல்னு கங்கு உருண்டு இறங்கறது தெரியும், எங்க தெரு பசங்க அதை பாத்துக்கிட்டே கேரம் ஆடுவாங்க. ஊருக்கு திரும்பி வந்ததுலேர்ந்து சொந்தக்காரங்க, கூட வேலை பாக்கறவங்க, யாருன்னே தெரியாதவங்க கூட ஒரே மாதிரி கேள்வி கேக்கறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு.

மெராபி எங்க இருக்கு? சுமத்ராவுல மலையேறப் போனவங்க செத்தாங்களே, அதுவா?

இல்லைங்க, அது வேற. 2023 டிசம்பர்ல மலையேறினவங்க 24 பேர் செத்தது மேற்கு சுமத்ரால இருக்கற மராபி. நான் சொல்றது மெராபி, நடு ஜாவாவும் யோக்யகர்த்தாவும் சேர்ற எல்லைல இருக்கு, யோக்யகர்த்தா டவுன்லேர்ந்து வடக்கே கிட்டத்தட்ட 30 கி.மீ. ஸ்லெமான், மகெலாங், போயோலாலி, கிளாத்தேன்னு நாலு மாவட்டம் இந்த மலையோட சரிவை பங்கு போட்டுக்குது. பேருக்கு அங்க சொல்ற அர்த்தம் நமக்கு டக்குனு புரியும், மேருன்னா மலை, அபின்னா நெருப்பு.

எரிமலை குழம்பு மெதுவா தானே வரும், நடந்தே தப்பிச்சிடலாமே?

வீடியோல பாக்கறது ஹவாய் எரிமலை மாதிரி, தேன் ஊத்தின மாதிரி ஓடற குழம்பு. மெராபியோட குழம்பு கெட்டி. அது ஓடாது, உச்சில குவிஞ்சு மேடா நிக்கும். அந்த மேடு தாங்காம சரியும்போது உள்ள அடைஞ்சிருக்கற காஸ், சூடான தூள், பாறைத்துண்டு எல்லாம் கலந்து ஒரு மேகமா மலையை ஒட்டி தரையோட இறங்கும். சூடு பல நூறு டிகிரி, வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல. பைக்குல போனாலும் அந்த மலை ரோட்டுல அதை ஜெயிக்க முடியாது.

ஜாவாக்காரங்க இதுக்கு வெச்சிருக்கற பேரு வெதுஸ் கெம்பெல். சடை விழுந்த ஆடுன்னு அர்த்தம். தூரத்துலேர்ந்து பாத்தா நிஜமாவே சாம்பல் நிற ஆட்டு மந்தை ஒண்ணு முட்டி மோதிக்கிட்டு சரிவுல இறங்கற மாதிரி தான் இருக்கும். மெராபில சாவு அதிகம் நடக்கறது இதனால தான். 1994 நவம்பர் 22ல துர்கோங்கற ஊர்ல கல்யாண வீட்டுல கூடியிருந்தவங்க மேல இது இறங்கிச்சு, அந்த தடவை 60க்கும் மேல செத்தாங்க.

முன்கூட்டியே தெரியாதா?

தெரியும், அதுவும் நல்லாவே தெரியும். உலகத்துலயே ரொம்ப கவனமா பாத்துக்கற எரிமலைல இது ஒண்ணு. யோக்யகர்த்தால பிபிபிடிகேஜின்னு அரசாங்க ஆபீஸ் இருக்கு, மலையை சுத்தி பார்வை நிலையங்கள் இருக்கு. நிலநடுக்க கருவி ஒரு பக்கம், லேசர் அடிச்சு மலைச்சரிவு எவ்வளவு வீங்குதுன்னு அளக்கறது இன்னொரு பக்கம். 2010ல பெருசா வெடிக்கறதுக்கு முந்தி கடைசி நாள்கள்ல தெற்கு சரிவு ஒரு நாளைக்கு அரை மீட்டர் அளவுக்கு வெளிய தள்ளிச்சு. மலை ஒரு நாளைக்கு அரை மீட்டர் நகருதுன்னா யோசிச்சு பாருங்க.

எச்சரிக்கைக்கு நாலு லெவல். நார்மால், வஸ்பாடா, சியாகா, அவாஸ். சாதாரணம், கவனமா இரு, தயாரா இரு, கிளம்புன்னு வெச்சுக்கலாம். 2010ல செப்டம்பர் 20 ரெண்டாம் லெவல், அக்டோபர் 21 மூணாம் லெவல், 25 காலைல நாலாம் லெவல், மறுநாள் 26 சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெடிச்சிடுச்சு. முழுசா ஒண்ணரை நாள் கையில இருந்துச்சு. அப்ப எரிமலை துறைக்கு தலைவரா இருந்தவர் சுரோனோ, ஜனங்க செல்லமா ம்பா ரோனோன்னு கூப்பிடுவாங்க, ம்பான்னா தாத்தா. அவரும் அவர் ஆளுங்களும் நேரத்துக்கு சொன்னதால 10,000லேர்ந்து 20,000 உயிர் வரைக்கும் பிழைச்சிருக்கும்னு பின்னாடி கணக்கு போட்டிருக்காங்க.

அவ்வளவு சரியா சொல்லியும் 2010ல ஏன் அத்தனை பேர் செத்தாங்க?

நான் அங்க போறதுக்கு முந்தி எனக்கும் இதே கேள்வி தான். அரசாங்க கணக்குப்படி 353 பேர். என் புத்தில முதல்ல வந்தது, "சொன்னா கேக்காத ஜனங்க"ன்னு. அது தப்புன்னு அங்க இருந்து பழகின அப்புறம் தான் புரிஞ்சுது.

ஒரு காரணம், மலை வழக்கத்தை மீறிச்சு. மெராபி அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் சரிஞ்சு கொஞ்சம் கொட்டி அடங்கிடும், பாட்டி தாத்தா காலத்துலேர்ந்து அவங்க பாத்தது அதான். 2010ல வந்தது 1872க்கு அப்புறம் அது வரைக்கும் பாக்காத அளவு. அக்டோபர் 26ல வெடிச்சப்ப ஆபத்து வளையம் 10 கி.மீ., நவம்பர் 3ல 15 ஆச்சு, நவம்பர் 5 நடுராத்திரி தாண்டி எல்லாத்தையும் விட பெருசா வெடிச்சப்ப தான் 20 ஆக்கினாங்க. அந்த ராத்திரி கெந்தோல் ஆத்து பள்ளம் வழியா வெதுஸ் கெம்பெல் 15 கி.மீ.க்கு மேல ஓடிச்சு. ப்ரோங்காங்குன்னு ஒரு ஊர், மலை உச்சிலேர்ந்து ரொம்ப தள்ளி ஆத்தோரமா இருக்கு, இவ்வளவு தூரம் எங்க வரப்போகுதுன்னு தூங்கிட்டிருந்த வீடுங்க. நிறைய பேர் செத்தது அங்க தான்.

இன்னொரு காரணம், கீழ இறங்கினவங்க திரும்ப மேல ஏறினது. இதை தனியா சொல்லணும், அடுத்த கேள்வியைப் பாருங்க.

ஏன் திரும்ப போறாங்க?

மாடு.

கேக்க சாதாரணமா இருக்கும். மெராபியோட தெற்கு சரிவுல கறவை மாடு தான் சோறு. மாடு வாங்கறதுக்கு வாங்கின கடன் பாதி கூட அடைஞ்சிருக்காது. சைரன் அடிச்சா லாரில பொண்டாட்டி புள்ளைங்க ஏறலாம், மாடு ஏறாது. கேம்ப்ல உக்காந்திருக்கறவனுக்கு காலைல நாலு மணிக்கு முழிப்பு தட்டும், மடி கட்டி மாடு கத்திட்டிருக்குமேன்னு. கறக்காம விட்டா மடி வீங்கி மாடே போயிடும், அதுக்கு புல்லும் தண்ணியும் யார் போடுவா? அதனால விடியக்காலம் பைக்கை எடுத்துக்கிட்டு மேல போவான், கறந்து புல்லு அறுத்து போட்டுட்டு மத்தியானம் இறங்குவான். ஒரு நாள் ஒண்ணும் ஆகலை, ரெண்டாம் நாளும் ஆகலை, மூணாம் நாள் பயம் விட்டுப்போகும். நம்ம ஊர்ல புயல், வெள்ளம் வரும்போது ஆட்டை மாட்டை விட்டுட்டு வர மாட்டேன்னு கூரை மேல உக்காந்திருக்கறவங்களை டிவில பாத்திருப்பீங்க, அதே தான்.

2010 நடுவுலயே அரசாங்கத்துக்கு இது புரிஞ்சு, மாட்டை நாங்க விலைக்கு வாங்கிக்கறோம், நீங்க கீழயே இருங்கன்னு அறிவிச்சாங்க. ஆனா அதுக்குள்ள நிறைய மாடும் போச்சு, மாட்டுக்காக போனவங்களும் போயிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு 2020 நவம்பர்ல மறுபடி மூணாம் லெவலுக்கு போனப்ப என்ன பண்ணாங்க தெரியுமா, மனுஷங்களோட சேத்து மாட்டையும் இறக்கினாங்க, கீழ மாட்டுக்குன்னு தனியா கொட்டகை போட்டாங்க. என்னைக் கேட்டா அத்தனை கருவியும் அளக்கறதை விட பெரிய முன்னேற்றம் இந்த மாட்டுக்கொட்டகை தான். ஆளுக்கு மட்டும் போடற கேம்ப் பாதி கேம்ப்.

மலைக்கு ஒரு காவலர் இருந்தாராமே, கிளம்ப மாட்டேன்னு செத்துப்போனவர்?

ம்பா மரிஜான். 1927ல பொறந்தவர், கீனாரெஜோ ஊர்க்காரர், யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ 1982ல அவரை மலைக்கு ஜுரு குஞ்சி ஆக்கினார். சாவி வெச்சிருக்கறவர்னு அர்த்தம். அரண்மனைலேர்ந்து வருஷா வருஷம் மலைக்கு படையல் போகும், அதை முன்ன நின்னு நடத்தறது அவர் வேலை. 2006ல எல்லாரும் இறங்க சொன்னப்ப மாட்டேன்னு இருந்தார், ஒண்ணும் ஆகலை, நாடு பூரா பேரு ஆச்சு, சத்து பானம் விளம்பரத்துல எல்லாம் வந்தார். 2010 அக்டோபர் 26ல வெதுஸ் கெம்பெல் நேரா அவர் ஊர் மேல இறங்கிச்சு. தொழுகைல தலை தரைல வெச்ச நிலைல அவர் உடம்பு கெடைச்சுது. அவரை இறக்கிக்கிட்டு வரலாம்னு போனவங்களும் அங்கயே செத்தாங்க.

வெளிநாட்டு பத்திரிகைல அவரை மூடநம்பிக்கைக்காரர்னு எழுதினாங்க, எனக்கு அது பிடிக்கலை. அவர் கையில குடுத்த பொறுப்பை விட்டுட்டு வர மாட்டேன்னு இருந்தவர், மத்தவங்களை போகாதீங்கன்னு தடுக்கலை. ஆனா ஒரு பெரியவர் நகரலைன்னா அவரைப் பாத்து நகராம இருக்கறவங்க இருப்பாங்க, அது தான் வலிக்குது. இப்ப அவர் மகன் அசி அந்த பொறுப்புல இருக்கார், படையலும் நடக்குது, எச்சரிக்கை வந்தா எறங்கறதும் நடக்குது.

பங்கர் கட்டி உள்ள ஒளிஞ்சுக்கலாமே?

கட்டியிருக்காங்க, காலியாடெம்ங்கற இடத்துல. 2006 ஜூன்ல மீட்பு வேலைக்கு போன ரெண்டு பேர் ஓடிப்போய் அதுக்குள்ள ஒளிஞ்சாங்க. மேல மீட்டர் கணக்குல சூடான மண்ணும் கல்லும் மூடிக்கிச்சு, ரெண்டு பேரும் உள்ளயே செத்துட்டாங்க. இப்ப சுற்றுலா ஜீப்புல கூட்டிட்டு போய் காட்டறாங்க. தூரம் ஒண்ணு தான் பாதுகாப்பு, சுவர் இல்லை.

சாம்பல் விழுந்தா வீட்டுல என்ன பண்ணுவீங்க?

இதை நானே பாத்தேன். 2023 மார்ச் 11, சனிக்கிழமை, மத்தியானம் பன்னெண்டு தாண்டி. வெதுஸ் கெம்பெல் மேற்கு பக்க ஆத்துல இறங்கிச்சு, எங்க ஊருக்கு வரலை, ஆனா சாம்பல் மேகம் காத்துல எங்க பக்கம் திரும்பிடுச்சு. கொஞ்ச நேரத்துல வெளிச்சம் மங்கி சாயங்காலம் மாதிரி ஆச்சு. கந்தக வாடை. மழை மாதிரி சத்தம் வரும்னு நெனச்சேன், சத்தமே இல்லை, எல்லா சத்தமும் அமுங்கிப்போன மாதிரி இருந்துச்சு, கோழி கூட்டுக்குள்ள போயிடுச்சு. வீட்டுக்கார அம்மா, இபுன்னு தான் கூப்பிடுவேன், அவங்க ஓடிவந்து முதல்ல பண்ணது கிணத்தை தார்ப்பாயால மூடினது, அப்புறம் காயப்போட்ட துணி, அப்புறம் தான் என்னை உள்ள இழுத்தாங்க.

முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது, பேரு தான் சாம்பல், அடுப்பு சாம்பல் இல்லை. பொடிப்பொடியா நொறுங்கின கல்லும் கண்ணாடியும். அதனால:

தேய்க்கக்கூடாது. கார் கண்ணாடில வைப்பர் போட்டா கீறல் விழும், கண்ணை கசக்கினா கண்ணுல கீறல் விழும். லென்ஸ் போடறவங்க கழட்டிட்டு மூக்குக்கண்ணாடி போட்டுக்கணும்.

கூட்டறதுக்கு முந்தி லேசா தண்ணி தெளிக்கணும், நம்ம வாசல் தெளிக்கற மாதிரி. வாளி வாளியா ஊத்தினா சிமெண்டு மாதிரி இறுகிடும், சாக்கடைல போனா அடைச்சுக்கும். சாக்குல அள்ளி தனியா வெக்கறது தான் வழி.

கூரை மேல இருக்கறதை மழைக்கு முந்தி எறக்கணும். ஒரு சதுர மீட்டர்ல 1 செ.மீ. சாம்பல் நனைஞ்சா 10லேர்ந்து 20 கிலோ ஆகிடும். ஓட்டு வீடு எவ்வளவு தாங்கும்? ஏறும்போது வழுக்கும், தனியா ஏறாதீங்க, சாம்பல்ல சாகாம கூரைலேர்ந்து விழுந்து சாகறவங்க உண்டு.

ஈர சாம்பல் கரண்டை கடத்தும். ட்ரான்ஸ்ஃபார்மர் பொரிஞ்சு கரண்ட் போயிடும், அன்னிக்கு டார்ச்சு தேடிக்கிட்டு இருக்க கூடாது.

2010ல போரோபுதூர் கோயில் மேல கூட 2.5 செ.மீ. வரைக்கும் சாம்பல் விழுந்துச்சு. அமிலம் கலந்தது, கல்லை அரிக்கும்னு கோயிலை மூடிட்டு ஆளுங்க உக்காந்து பிரஷ்ஷால கல்லு கல்லா துடைச்சாங்க. ஸ்லெமான் பக்கம் சலாக் பழத்தோட்டம் எல்லாம் சாம்பல் கனத்துல மட்டை ஒடிஞ்சு படுத்துடுச்சு.

எந்த மாஸ்க் போடணும்?

என்95 மாதிரி முகத்துல ஒட்டி உக்கார்றது. சர்ஜிக்கல் மாஸ்க் ஓரத்துல காத்து விடும், ஆனாலும் ஒண்ணும் இல்லாததுக்கு மேல். ஈரத்துணி கட்டிக்கிட்டா நல்லதுன்னு அங்கயும் நம்பறாங்க, பெருசா உதவாது. இது எதுவும் காஸை தடுக்காது, கந்தக வாடை தொண்டையை அடைச்சா அந்த இடத்தை விட்டு நகர்றது தான். ஆஸ்துமா இருக்கற குழந்தைங்களை மேகம் தெரிஞ்சவுடனே கீழ அனுப்பிடுங்க, காத்திருக்காதீங்க.

வெடிச்சு முடிஞ்சா அவ்வளவு தானே?

இல்லை, அப்புறம் தான் லஹார். இந்த வார்த்தையே ஜாவாக்காரங்களோடது, இப்ப உலகம் பூரா எரிமலை படிக்கறவங்க இதை தான் சொல்றாங்க. சரிவுல குவிஞ்ச சாம்பல், மணல், வீடு அளவு பாறை எல்லாம் மழை பெஞ்சா கலந்து கரைச்ச சிமெண்டு மாதிரி ஆத்துல வரும். உங்க ஊர்ல வெயில் அடிக்கும், மேல மலைல மழை பெஞ்சிருக்கும், அதனால வானத்தை பாத்து முடிவு பண்ண முடியாது. 2011 ஜனவரில புதி ஆறு, அதாவது வெள்ளை ஆறு, கரை தாண்டி மகெலாங் யோக்யகர்த்தா மெயின் ரோட்டையே மூடிச்சு, வீடு கடையெல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. ஆத்துல குறுக்க சாபோன்னு தடுப்பணை வரிசையா கட்டியிருக்காங்க, ஜப்பான்காரங்க முறை, கல்லையும் மண்ணையும் தேக்கிட்டு தண்ணியை விடும்.

தகவல் எப்படி தெரியும்? போன் டவர் வேலை செய்யாதே?

ஹாதேன்னு சொல்ற வாக்கி டாக்கி ஊருக்கு நாலு பேர்கிட்ட இருக்கும். நிலநடுக்க கருவியோட துடிப்பையே ரேடியோல சத்தமா போட்டு விடுவாங்க, எங்க பக்கத்து வீட்டு பாக், அதாவது ஐயா, அதை மெல்லிசா வெச்சுட்டு தூங்குவார், சத்தம் மாறினா முழிச்சுக்குவாராம். அதை விட பழசு கெந்தோங்கான், குடைஞ்ச மரக்கட்டை, தட்டற தாளத்துலயே என்ன ஆபத்துன்னு தெரிஞ்சிடும். பள்ளிவாசல் மைக் இருக்கு. 2006ல ஊர் ரேடியோக்காரங்க சேந்து ஜாலின் மெராபின்னு ஆரம்பிச்சாங்க, 2010ல ட்விட்டர்ல எந்த கேம்ப்ல சோத்துப்பொட்டலம் வேணும், எங்க மாஸ்க் இல்லைன்னு போட்டு போட்டு ஆள் சேத்தாங்க.

கேம்ப் எப்படி இருக்கும்?

2010ல கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர் வீட்டை விட்டு வந்தாங்க. ஸ்லெமான்ல மகுவோஹார்ஜோ ஃபுட்பால் ஸ்டேடியம் முழுக்க ஜனம், வளையம் பெருசாக பெருசாக கேம்ப்பையே மாத்தி மாத்தி எறக்கினாங்க. இப்ப மகெலாங் மாவட்டத்துல நல்ல ஏற்பாடு ஒண்ணு இருக்கு, தேசா பெர்சவுதாரா, சகோதர ஊர். மேல இருக்கற ஒவ்வொரு ஊருக்கும் கீழ ஒரு ஊர் ஜோடி. ஆபத்து வந்தா எங்க போகணும்னு முன்னாடியே முடிவு, ரெண்டு ஊர் ஆளுங்களுக்கும் பழக்கம் இருக்கும். 2020ல வயசானவங்க, கர்ப்பிணிங்க, குழந்தைங்களை இப்படித்தான் முதல்ல எறக்கினாங்க. யாருன்னு தெரியாத ஸ்டேடியத்துல படுக்கறதுக்கும் தெரிஞ்ச ஊர்ல படுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, தெரிஞ்ச ஊர்னா ஓடிப்போய் வீட்டை பாக்கணும்னு தவிப்பு குறையுது.

இவ்வளவு ஆபத்துல ஏன் அங்கயே இருக்காங்க? வேற இடம் குடுத்தா போகமாட்டாங்களா?

குடுத்தாங்க, போனாங்க. 2010க்கு அப்புறம் கீழ ஹுந்தாப்னு நிரந்தர குடியிருப்பு, 100 சதுர மீட்டர் மனை, அதுல 36 சதுர மீட்டர் வீடு. நிறைய பேர் ராத்திரி அங்க தூங்கிட்டு பகல்ல மேல பழைய நிலத்துக்கு போய் புல் அறுக்கறாங்க, மாடு பாக்கறாங்க, மணல் அள்ளறாங்க, ஜீப் ஓட்டறாங்க. மண்ணு அப்படி விளையும், மிளகா, பொகையிலை, சலாக் எல்லாம் கொழிக்கும், ஆத்து மணலுக்கு லாரி வரிசைல நிக்கும். மலை எடுத்ததை மலையே திருப்பி குடுக்குதுன்னு இபு சொல்வாங்க. முப்பத்தாறு சதுர மீட்டர்ல மாடு கட்ட முடியாதுங்கறதையும் அவங்க தான் சொன்னாங்க.

இப்ப போனா பயமில்லையா?

2020 நவம்பர் 5லேர்ந்து வருஷக்கணக்கா மூணாம் லெவல்லயே நிக்குது. அதுக்காக யோக்யகர்த்தா போக பயப்பட வேண்டாம், டவுன் ரொம்ப தள்ளி இருக்கு. உச்சி ஏற அனுமதி இல்லை, யாராவது கூட்டிட்டு போறேன்னு சொன்னா போகாதீங்க. ஆபத்து வட்டமா இருக்காது, ஆத்தை பொறுத்தது, நான் இருந்தப்ப தென்மேற்குல பெபெங், க்ராசாக், பெடோக் ஆறுகள்ல 7 கி.மீ., போயோங்ல 5, தென்கிழக்குல கெந்தோல்ல 5, வோரோல 3 கி.மீ.ன்னு வெச்சிருந்தாங்க. இது மாறும், மாக்மா இந்தோனேசியா ஆப்ல அன்னன்னிக்கு பாத்துக்குங்க. ரூம் எடுக்கும்போது உச்சிலேர்ந்து எத்தனை கி.மீ.ன்னு மட்டும் கேக்காதீங்க, பக்கத்துல எந்த ஆறு, ஆத்துலேர்ந்து எவ்வளவு தள்ளின்னு கேளுங்க. ஊர்க்காரங்க உடனே சொல்வாங்க, மழை பெஞ்சா எந்த பாலத்தை தாண்டக்கூடாதுன்னும் சேத்து சொல்வாங்க.